பத்திரிகைத் தொழிலில் சிறுபான்மையோரும் நிர்வாகப் பதவியும்

சரக்கு நிறுப்பதில் கெட்டிக்காரனாக இருக்கும் பையனை, அந்தத் திறமை ஒன்றுக்காகவே நாம் பெட்டியடியில் உட்கார வைப்பதில்லை. கொள்முதல், பற்று வரவு, கடன் தவணை எல்லாம் பழக்கிய பிறகே சாவிக்கொத்து அவன் கைக்குப் போகும். யாரைப் பழக்குகிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. மைத்துனன், மருமகன், ஊர்க்காரன் என்று பார்த்துப் பழக்குவது நம்மிடமும் உண்டு. அமெரிக்கப் பத்திரிகை முதலாளிகள் இதையே பெரிய அளவில் செய்து வந்தார்கள்.

1967-ல் அந்நாட்டு நகரங்களில் இனக் கலவரங்கள் மூண்டன. காரணம் ஆராய ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கெர்னர் கமிஷன் 1968-ல் அறிக்கை தந்தது. பத்திரிகைகளையும் அது விட்டுவைக்கவில்லை. ஆசிரியர் குழு வேலைகளில் கறுப்பினத்தவர் 100-க்கு 5 பேர்கூட இல்லை. மேற்பார்வைப் பதவிகளிலோ 100-க்கு ஒருவர்கூட இல்லை. இருந்த சிலரிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே நடத்திய பத்திரிகைகளில் இருந்தனர்.

இந்தக் கடைசி விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். சொந்தப் பத்திரிகை நடத்துவது சிறுபான்மையோருக்குப் புதிதன்று. அமெரிக்கக் கறுப்பினத்தவர் 1827-லேயே நியூயார்க்கில் ஒன்றைத் தொடங்கினர். சிங்கப்பூரில் நம்மவரான மகுதூம் சாயபு 1887-ல் ‘சிங்கை நேசன்’ வெளியிட்டார். ஊர் முழுவதும் படிக்கும் தினசரியில், எது முதற்பக்கம், யாருக்கு வேலை, எதற்குச் செலவு என்று தீர்மானிக்கும் இடத்தை அடைவது வேறு காரியம்.

அந்த இடத்துக்கு ஆள் தயாரிக்க முனைந்தவர்களில் முக்கியமானவர் இராபர்ட் மேனார்ட். பார்படோஸ் தீவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1937-ல் பிறந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டவர். பின்னர் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபரானார். 1977-ல் தோழர்களுடன் கலிபோர்னியாவில் ஒரு பயிற்சி நிலையம் நிறுவினார். முதலில் நிருபர்கள், அடுத்துப் பிரதி திருத்துவோர், பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நிர்வாகிகள் என்று பயிற்சி படிப்படியாக வளர்ந்தது. நல்ல எழுத்தாளனுக்கும் வரவு செலவுத் திட்டம் தயாரிக்கத் தெரியாவிட்டால் மேலே ஏற வழியில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

1978-ல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் சங்கம் ஓர் இலக்கு வைத்தது: 2000-க்குள் மக்கள் தொகையில் சிறுபான்மையோர் எத்தனை பங்கோ, செய்தி அறையிலும் அத்தனை பங்கு. 2000-ல் மக்களில் அவர்கள் 100-க்கு ஏறக்குறைய 30. செய்தி அறைகளில் சுமார் 12. இப்படி ஆகும் என்று தெரிந்து, 1998-லேயே தவணையை 2025-க்குத் தள்ளிவிட்டனர். தவணை தள்ளும் பேர்வழிகளை நாம் கடைத்தெருவில் பார்க்காதவர்களா!

மேனார்ட் 1983-ல் ‘ஓக்லண்ட் டிரிப்யூன்’ தினசரியை 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கினார். பெருநகரத் தினசரி ஒன்றுக்கு உரிமையாளரான முதல் கறுப்பினத்தவர் அவரே. பெரும்பகுதி கடன். 1989-ன் பூகம்பப் படங்களுக்காக 1990-ல் பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசைக் கொண்டு வட்டி கட்ட முடியாது. விளம்பரம் போதவில்லை. 1992-ல் விற்றார், மறு ஆண்டு காலமானார்.

கணக்கு நன்றாகத் தெரிந்த இன்னொருவர் ஜே ஹாரிஸ். செய்தி அறைகளில் சிறுபான்மையோரை ஆண்டுதோறும் எண்ணும் முறையை 1978-ல் வகுத்தவர் அவர்தான். 1994-ல் ‘சான் ஹோசே மெர்க்குரி நியூஸ்’ வெளியீட்டாளரானார். தாய்க் கம்பெனி கேட்ட இலாபத்தைக் காட்டினால் செய்தி அறை மெலிந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர், 2001-ல் பதவியை ராஜினாமா செய்தார்.