வீட்டுத் தண்ணிக்கும் கணக்கு வேணும்

வயலுக்குச் சொட்டுநீர் போடுகிறோம், மூடாக்கு போடுகிறோம், ஈரம் பார்த்துத்தான் மடை திறக்கிறோம். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. "வீட்டுக்கு என்ன பெரிசா தண்ணி செலவாயிடப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒருநாள் அளந்து பாருங்க.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாட்டுக்கு வைப்பதை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் 15 லிட்டர் குடத்தால் அளந்தோம். நாளைக்கு 45 குடம், அதாவது 675 லிட்டர். சித்திரை, வைகாசியில் கிணறு கைவிரித்துவிடும். டிராக்டர் டேங்கர்தான் கதி. 5,000 லிட்டர் லோடு ஒன்று 800 ரூபாய். மாதம் நான்கு லோடு என்றால் 3,200 ரூபாய். காய்கறி விற்ற காசு அப்படியே தண்ணிக்குப் போகும்.

எங்கே குறைத்தோம்?

குளியல்: ஷவரை மூடிவிட்டு, ஆளுக்கு ஒரு வாளி என்று வைத்தோம். 8 குடம் மிச்சம்.

பாத்திரம்: குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல், இரண்டு அகலச் சட்டியில் தண்ணி பிடித்து அலசுகிறோம். 5 குடம் மிச்சம்.

துணி: கடைசியாக அலசிய தண்ணியை எடுத்துவைத்துக் கழிப்பறைக்கு ஊற்றுகிறோம். 4 குடம் மிச்சம்.

இப்போது 28 குடம், 420 லிட்டர். கோடையில் இரண்டரை லோடு போதும்; மாதம் 1,200 ரூபாய் கையில் நிற்கிறது. கிணற்றில் தண்ணி இருக்கும்போதும் லாபம்தான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒருமணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும்.

அடுத்து, வெளியே போகும் தண்ணி. குளியலறை, சமையலறைத் தண்ணியைச் செங்கல் துண்டும் மணலும் போட்ட சின்னக் குழி வழியாக வாழைக்கும் சேம்புக்கும் விடலாம். பக்கத்தில் கல்வாழை நட்டால் அதுவும் உறிஞ்சிக்கொள்ளும். எங்கேயும் தேங்க விடக்கூடாது, கொசு வந்துவிடும். பச்சையாகத் தின்கிற கீரை, வெள்ளரிக்கு இந்தத் தண்ணி வேண்டாம்.

இங்கே இயற்கை உழவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். வயலில் உப்பு உரத்தை விட்டுவிட்டு, கொல்லையில் சோப்புத்தூள் தண்ணியை விட்டால் என்ன பயன்? அதிலுள்ள சோடியம் சேரச்சேர மண் இறுகிப்போகும். பாத்திரத்துக்குச் சாம்பல், தலைக்குச் சீயக்காய், துணிக்குப் பூந்திக்கொட்டை என்று மாறினால் மண்ணும் பிழைக்கும், மளிகைச் செலவும் குறையும். சோப்புத்தூள் போட்ட தண்ணியை மரப்பயிருக்குக்கூட விடாதீங்க. அரிசி கழுவிய கழுநீர் எப்போதும்போல மாட்டுக்குத்தான்.

கடைசியாக மழை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 400 சதுர அடிக் கூரை என்பது சுமார் 37 சதுர மீட்டர். இரண்டு சென்டிமீட்டர் மழைக்கு 740 லிட்டர் விழும். சிதறியதும் முதலில் வரும் அழுக்குத் தண்ணியும் போக 600 லிட்டர் பிடித்தாலும் எங்களுக்கு ஒன்றரை நாள் பாடு தீரும். தொட்டி நிறைந்தபின் வழிவதைக் கிணற்றோரம் குழி வெட்டி இறக்கிவிடுங்க.

இதற்கெல்லாம் பெரிய முதலீடு கிடையாது. ஒரு குடம், ஒரு கரித்துண்டு, ஒரு சுவர். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு கோடு போடுங்க. கோடுகளை எண்ணும்போதே எங்கே குறைக்கலாம்னு வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.