உழவு மாட்டின் கால் நொண்டல்

உழவு எந்திரங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும், சிறு துண்டு நிலம் உடையோரும் வண்டி ஓட்டிப் பிழைப்போரும் பலர் ஒரு ஜோடி எருதுகளையே நம்பியிருக்கின்றனர். ஜோடியில் ஒன்று நொண்டினால் மற்றொன்றும் கட்டுத்தறியில் நிற்க நேரிடுகிறது. ஈரம் காயுமுன் உழவு முடிய வேண்டிய பருவத்தில் இவ்வாறு பத்து நாட்கள் வீணானால் அவ்வருட வெள்ளாமை என்னவாகும் என்பதை விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மாடு நொண்டுவதைக் கண்டவுடன் எண்ணெய் தடவுவதும், பற்றுப் போடுவதும், சப்பையில் சூடு இழுப்பதும் நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கங்கள். நொண்டல் தனியே ஒரு நோயன்று. எங்கோ வலி அல்லது பிசகு உண்டு என்பதற்கு அது அறிகுறி. ஆகவே எந்தக் கால், அக்காலில் எந்த இடம், காரணம் யாது என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே வைத்தியத்தில் இறங்குதல் வேண்டும்.

மாட்டைக் கெட்டியான சமதரையில் ஒருவர் மூக்கணாங்கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மெதுவாக நடத்திச் செல்ல, மற்றொருவர் முன்னும் பின்னும் பக்கத்திலும் நின்று கவனிக்க வேண்டும். கோளாறு முன்னங்காலில் இருந்தால், அக்கால் தரையில் படும்பொழுது மாடு தலையை மேலே தூக்கும்; நல்ல காலை ஊன்றும்பொழுது தலை தாழும். பின்னங்காலில் இருந்தால் அப்பக்கத்து இடுப்பெலும்பு மற்றதைக் காட்டிலும் அதிகமாக ஏறி இறங்கும். காலைக் கண்டுகொண்ட பின் குளம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சோதிக்க வேண்டும். மக்கள் முதலில் தோளையும் சப்பையையுமே தடவிப் பார்க்கிறார்கள்; ஆனால் நொண்டும் மாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு குளம்பில்தான் உள்ளது. குளம்பைக் கழுவி, இரு குளம்புகளின் இடுக்கிலும் அடியிலும் கல், ஆணி, கண்ணாடித் துண்டு, சீமைக் கருவேல முள் ஆகியவை தைத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு சிறு கல்லால் மெதுவாகத் தட்டினால், நோகும் இடத்தில் மாடு காலை இழுத்துக் கொள்ளும்.

தைத்திருப்பதை எடுத்துவிட்டு, இளஞ்சிவப்பான பெர்மாங்கனேட் கரைசலால் புண்ணைக் கழுவி, டிங்சர் அயோடின் இட்டு, தூய துணியால் கட்டி, உலர்ந்த இடத்தில் நிறுத்த வேண்டும். மாடு குதிரையைப் போல அவ்வளவு எளிதில் ரணஜன்னிக்கு இலக்காவதில்லை. எனினும் ஆணி ஆழமாகப் பாய்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டித் தடுப்பு ஊசி பற்றிக் கேட்பதே நலம். சுளுக்காயின், முதல் இரண்டு நாட்கள் குளிர்ந்த நீர் ஊற்றுவதும் அதன் பின்னர் வெந்நீர் ஒற்றடம் கொடுப்பதும் முறையாகும். எப்படியாயினும் ஏரில் பூட்டலாகாது.

லாடம் அடித்த ஓரிரு நாட்களில் மாடு நொண்டினால், ஆணி உள்தசையைக் குத்தியிருக்கிறது என்று ஐயுறலாம். அந்த ஆணியை உடனே கழற்றச் செய்ய வேண்டும். லாடம் அடிக்கும்பொழுது எருதைக் கற்பாங்கான தரையில் சாய்ப்பதும் கேடு விளைவிக்கும். நரம்பு நசுங்கி முன்னங்கால் தொங்கிவிட்ட எருதுகள் உண்டு. மணலோ வைக்கோலோ பரப்பிய இடமே ஏற்றது.

சூடு போடுவதால் வீணாகும் எருதுகளில் பல, முட்டிச்சில்லு மாட்டிக்கொண்டவை. பின்னங்காலின் மேல் முட்டியில் உள்ள சில்லு, தொடையெலும்பின் மேட்டில் ஏறிச் சிக்கிக்கொள்வதே இக்கோளாறு. அப்பொழுது கால் பின்புறம் விறைத்து நீண்டு, குளம்பின் நுனி தரையில் உராய்ந்து, பிறகு சட்டென்று வெட்டி முன்னே வரும். விடியற்காலையில் எழுந்தவுடன் மிகுந்தும், சிறிது தூரம் நடந்தபின் குறைந்தும் காணப்படும். இதற்குச் சூடு பயன்படாது. தோல் கெட்டு, புண்ணில் புழு வைப்பதே மிச்சம். எமது வட்டாரத்தில் ஒரு விவசாயி இருமுறை சூடு போட்டுப் பார்த்து, அடிமாட்டு விலைக்கு விற்கத் துணிந்த எருது ஒன்றைக் கால்நடை மருத்துவர் கண்டு, மரத்துப்போகும் ஊசியிட்டு முட்டியின் உட்புற நாரை அறுத்துவிட்டார். அன்று மாலை அது நேராக நடந்து வீடு சென்றது. இது சிறு அறுவை. சில நிமிட வேலை.

இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டல் மாறுமாயின், அது கொசு முதலிய கடிக்கும் பூச்சிகளால் பரவும் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். ஓய்வே முக்கிய மருந்து. வாயில் நுரை வடிந்து, குளம்பிடுக்கில் கொப்புளமும் கண்டால் கோமாரி என்று கொள்க. அதனைத் தனியே கட்டி, சந்தைக்கோ பொதுக் குளத்துக்கோ ஓட்டாதிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி இடும் தேசியத் திட்டம் 2019 முதல் நடந்து வருகிறது. கொழுத்த இளங்கன்றின் சப்பை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலித்து, கடுங்காய்ச்சலும் இருப்பின் அது சப்பை நோய். ஓரிரு நாளில் உயிர் போய்விடுமாதலால் அந்த மணியிலேயே மருத்துவரை அழைக்க வேண்டும். இறந்த கன்றை அறுக்காமல் ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு இட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வோருக்கு இந்தத் துயரம் இல்லை.

கழுத்துப் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் நுகத்தடியே. சொரசொரப்பான நுகம், உயரம் பொருந்தாத ஜோடி, வண்டியின் முன்பாரம், மழையில் நனைந்த கழுத்து ஆகியவற்றைக் கவனித்தால் புண்ணே வராது. புண்ணுள்ள, நொண்டும் மாட்டை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். 1965ஆம் ஆண்டு விதிகளின்படி, பாரமிழுக்கும் மாட்டிடம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது.

மருந்துக் கடையில் வலி ஊசி வாங்கித் தாமே போடுவோர்க்கு ஒரு சொல். மாட்டுக்கு டைக்ளோபினாக் கொடுப்பது 2006 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அம்மருந்து ஏறிய மாடு இறந்தால், அதைத் தின்னும் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிகின்றன. நீலகிரி மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுக் கழுகுகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. இதற்கு மாற்றாக மெலோக்சிகாம் இருக்கிறது. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். வர இயலாத மாட்டுக்கு 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும்.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் பங்குக்கு, லாடம் அடிக்கும் மரத்தடியில் இரண்டு வண்டி மணல் கொட்டி வைக்கலாம். மாடு தண்ணீர் குடிக்கும் துறையில் உடைந்த கண்ணாடியையும் ஆணியையும் பொறுக்கி எடுக்க ஆள் விடலாம். தடுப்பூசி முகாம் நடக்கும் நாளை முதல் நாள் மாலையே தண்டோராப் போட்டு அறிவித்தால், விடிந்ததும் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவதும் நிற்கும்.