காளிகாட் படமும் கணிப்பொறிக் கோப்பும்

கொல்கத்தா நகரில், ஆதிகங்கை என வழங்கும் பழைய நீரோட்டத்தின் கரையில் அமைந்துள்ள காளிகாட், யாத்திரிகர்கள் திரளாகக் கூடும் தலமாகும். இப்போதுள்ள கோயில் 1809-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைச் சுற்றிலும் குடியேறிய பட்டுவாக்கள் என்னும் கிராம ஓவியர்கள், ஆலையில் செய்த காகிதத்தில் நீர்வர்ணங்களைக் கொண்டு தெய்வ உருவங்களையும், இறாலைக் கவ்விய பூனையையும், பகட்டாக உடுத்த பாபுக்களையும் தீட்டிச் சொற்ப விலைக்கு விற்றனர். விரைவாக வரைய வேண்டியிருந்தமையால் பின்னணியை வெறுமையாக விட்டனர், வர்ணங்களைக் குறைத்தனர், உருவத்தைத் தடித்த கோட்டினால் நிறுத்தினர். கண்ணுக்கு இன்றியமையாதது எது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று அப்படங்களை மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியர், பெரும்பாலும் இணையப் பக்கத்தையே நாடுகிறார். கள ஊழியரும் பயிர்நோய், கிணறு, பள்ளிக் கட்டிடம் ஆகியவற்றின் படங்களை இணையதளத்தில் ஏற்றுகின்றனர். ஆயின், படம் வந்து சேரத் தாமதமாகுமானால், கிராமத்தில் கைப்பேசியுடன் காத்திருப்பவர் பக்கத்தை மூடிவிடுகிறார். நாம் எழுதிய செய்தி எவ்வளவு பயனுள்ளதாயினும், அது அவரைச் சென்றடைவதில்லை.

படம் எவ்வாறு பெருக்கிறது?

கணிப்பொறியில் படம் என்பது பிக்சல் எனப்படும் புள்ளிகளின் வரிசையேயாகும். 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்ட ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றின் வர்ணத்தையும் குறிக்க 3 பைட்டுகள் தேவையெனில், மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள் ஆகும். கைப்பேசி இதனை ஓரளவு சுருக்கியே சேமிக்கிறது. அவ்வாறு சேமித்த கோப்பு 40 லட்சம் பைட்டு எனக் கொள்வோம். ஒரு பைட்டு 8 பிட் ஆதலால், அது 320 லட்சம் பிட் ஆகும். நொடிக்கு 10 லட்சம் பிட் கடத்தும் இணைப்பில் இந்த ஒரு படம் வந்து சேர 32 நொடி பிடிக்கும். இத்தகைய ஐந்து படங்கள் உள்ள பக்கத்திற்கு இரண்டரை நிமிஷத்திற்கு மேலாகும். அதே படத்தை 2 லட்சம் பைட்டாகச் சுருக்கினால் 1.6 நொடியே போதும்.

சுருக்கத்தின் தத்துவம்

சுருக்கும் முறைகள் இருவகைப்படும். முதலாவது, எதனையும் இழக்காத முறை. ஒரே வர்ணப் புள்ளிகள் தொடர்ந்து வருமிடத்தில் அவற்றைத் தனித்தனியே எழுதாமல், தொகுத்துச் சுருக்கமாக எழுதுதல் இதன் சாரம். 1996-இல் வெளிவந்த பிஎன்ஜி அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. வரைபடம், அட்டவணை, முத்திரை போன்ற தட்டையான வர்ணப் படங்களுக்கு இது உகந்தது.

இரண்டாவது, கண் கவனியாதவற்றை விட்டுவிடும் முறை. 1992-இல் சர்வதேசத் தரமாக அமைந்த ஜேபெக் இதற்கு உதாரணம். மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணரும். வர்ணத்தின் நுண்ணிய மாறுதலை அத்துணை உணராது. ஆகவே ஜேபெக் முறையில் ஒளி வேறாகவும் வர்ணம் வேறாகவும் பிரிக்கப்பட்டு, வர்ண விவரம் பெரும்பாலும் குறைத்தே வைக்கப்படுகிறது. பின்னர் படம் 8-க்கு 8 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதப்படுகிறது. மெல்ல மாறும் அலைகள் வைத்துக்கொள்ளப்படுகின்றன. விரைந்து மாறும் அலைகளிற் பல தள்ளப்படுகின்றன.

இதற்கு அடிப்படையான கணித முறையை 1974-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான கட்டுரையில் விளக்கியவர் மூவர்: பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர். உலகெங்கும் நாள்தோறும் பரிமாறப்படும் புகைப்படங்களில் இம்மூவரின் உழைப்பு கலந்துள்ளது.

காளிகாட் படத்திற்கு எது ஏற்றது?

தட்டையான வர்ணமும் வெறும் பின்னணியும் உடைமையால், பிஎன்ஜியே பொருந்தும் என்று தோன்றலாம். ஆயின் பழங்காகிதத்தின் நாரும் கறையும், ஓரங்களிலுள்ள வர்ணச் சாயலும் புள்ளிக்குப் புள்ளி வேறுபடுவன. அவற்றை இழக்காமல் எழுத முயன்றால் கோப்பு பெருத்துவிடும். எனவே பக்கத்தில் இடும் நகலுக்கு ஜேபெக் அல்லது 2010-இல் கூகுள் வெளியிட்ட வெப்பி அமைப்பு ஏற்றதாகும். அதே உருவத்தைக் கோட்டுச் சித்திரமாக மட்டும் வரைந்துகொண்டால் பிஎன்ஜி சிறப்பாகப் பயன்படும்.

செய்முறை

கிம்ப், ஸ்குவூஷ், இமேஜ்மேஜிக் ஆகிய மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. ஸ்குவூஷ் இணைய உலாவியிலேயே இயங்குவது. படம் நம் கணிப்பொறியை விட்டு வெளியே செல்வதில்லை. நூற்றுக்கணக்கான படங்களை ஒரே கட்டளையில் மாற்ற இமேஜ்மேஜிக் உதவும். கிம்ப்பில் செய்யும் முறை வருமாறு:

1. மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்தி, நகலிலேயே வேலை செய்க.

2. வேண்டாத ஓரங்களை வெட்டி நீக்குக.

3. 'இமேஜ்' பட்டியலில் 'ஸ்கேல் இமேஜ்' என்பதைத் தேர்ந்து, அகலத்தை 1200 புள்ளியாகக் குறைக்க. முன் கூறிய படம் 1200-க்கு 900 ஆகும்போது, புள்ளிகள் 10 லட்சத்து 80 ஆயிரமாக, அதாவது ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகக் குறைகின்றன. பெரும் பயன் இப்படியிலேயே கிடைக்கிறது.

4. 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' வழியாக ஜேபெக் ஆக்கி, தர அளவை 75 முதல் 80 வரை வைத்துப் பார்க்க.

5. எக்ஸிஃப் விவரங்களைச் சேர்க்காமல் விடுக. கைப்பேசிப் படத்தில் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கக்கூடும். ஒரு குடும்பத்தின் வீட்டைப் படமெடுத்த ஊழியர், அவ்வீடு இருக்குமிடத்தை உலகறியச் செய்தல் தகாது.

6. முடிந்த படத்தை முழு அளவில் நோக்குக. காளிகாட் படத்தில் கறுப்புக் கோடு வெறுங்காகிதத்தைத் தொடுமிடமே தக்க சோதனைக் களம். தரம் மிகக் குறைந்தால் அவ்விடத்தில் கொசு மொய்த்தாற்போன்ற புள்ளிகள் தோன்றும். தோன்றினால் தர அளவைச் சிறிது உயர்த்துக.

ஓர் எச்சரிக்கை

ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு கூடும். விட்டுப்போன விவரம் மீண்டும் வாராது. பட்டுவாக்கள் மெல்லிய காகிதத்தில் தீட்டிய படங்களில் அழிந்தவை பல. அச்சுப் படங்களின் போட்டியால், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காளிகாட்டில் இக்கலை நலிந்துபோயிற்று. ஓர் ஊரில் எஞ்சியுள்ள பழம்படத்தையோ ஓலையையோ நாம் எடுத்த புகைப்படமே நாளை அதன் ஒரே சான்றாக நிற்கக்கூடும். ஆகவே சிறிய நகல் பக்கத்திற்கு. முழு மூலம் காப்பகத்திற்கு. மூலத்தின்மேல் நகலைச் சேமித்து அதனை அழித்துவிடலாகாது.

வகுப்பறைப் பயிற்சி

கட்டத்தாளில் 8-க்கு 8 சதுரங்களை வரையச் செய்க. ஒரு மாணவர் அதில் எளிய உருவம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் நிரப்பட்டும். மற்றொருவர் அதனைப் பாராமல், "வெள்ளை 5, கறுப்பு 3" என முதலாமவர் வரிவரியாகச் சொல்வதைக் கேட்டு மீண்டும் வரையட்டும். அடுத்து, ஒழுங்கின்றிப் புள்ளிகளைச் சிதறி அவ்வாறே செய்யச் சொல்க. முன்னதற்குச் சில சொற்களே போதும். பின்னதற்குச் சொல்லி மாளாது. தட்டையான படம் ஏன் சுருங்குகிறது, கறைபடிந்த காகிதம் ஏன் சுருங்க மறுக்கிறது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.