தேயிலையும் பூக்கும்

ரிங்லெட்டில் வாழும் நமக்குத் தேயிலைச் செடியைப் பற்றிப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே எண்ணுகிறோம். கொழுந்து எது, முற்றிய இலை எது என்பதை நடை பழகும் வயதிலேயே அறிந்தவர்கள் நாம். ஆயினும், தேயிலைப் பூவின் நிறம் யாது என்று ஒருவர் வினவினால், நம்மில் எத்தனை பேர் தயங்காமல் விடை கூறுவோம்?

அதன் நிறம் வெண்மை. நடுவே பொன்னிற மகரந்தத் தாள்கள் நெருங்கி நிற்கும். காம்பு வளைந்து பூ தலை கவிழ்ந்திருப்பதால், இலைகளை விலக்கிப் பார்ப்போர் கண்ணுக்கே அது தென்படும். மெல்லிய மணமும் உண்டு.

அடக்கமான இப்பூவிற்கு உலகப் புகழ் பெற்ற உறவினர் உளர். அவர்களே கேமலியாப் பூக்கள். ஜப்பானில் குளிர்காலத்தில் மரங்கள் பல இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நிற்க, இச்செடிகள் மட்டும் பச்சை மாறாமல் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூத்துக் குலுங்கும். முதலில் மலர்வது சசன்க்கா; அது இதழ் இதழாக உதிரும். பின்னர் மலரும் சுபாக்கியோ முழுப் பூவாகவே மண்ணில் விழும். குளிர்நாட்டு மக்கள் கேமலியாவுக்கென்றே மலர்க்காட்சிகள் நடத்துகின்றனர். அங்கே ஒவ்வொரு பூவையும் தனித்தனியே வைத்து, வடிவும் நிறமும் நோக்கிப் பரிசளிப்பர்.

1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் தேயிலையை ஓர் இனமாகவும் கேமலியாவை வேறோர் இனமாகவும் எழுதி வைத்தார். பிற்காலத்தவர் பூவையும் காயையும் ஒப்பிட்டு, இரண்டும் ஓரினமே எனக் கண்டனர். இன்று தேயிலையின் அறிவியற் பெயர் கேமலியா சினென்சிஸ். பிலிப்பைன்ஸ் தீவுகளின் செடிகொடிகளை ஆராய்ந்து 1706இல் மணிலாவில் மறைந்த கேமல் என்னும் துறவியின் பெயரே நம் நிரைகளிலும் நிற்கிறது!

அப்படியாயின் நம் தோட்டங்கள் ஏன் மலர்வனமாய்க் காட்சியளிப்பதில்லை? 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற நாள் முதல் இம்மலையில் தேயிலை வளர்க்கப்படுவது இலைக்காகவே. கொழுந்து வர வர எடுத்துவிடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்தும் செய்கின்றனர். விட்டுவிட்டால் மரமாகிவிடும் செடி இடுப்பளவிலேயே நிற்கிறது. பூவிற்கும் காய்க்கும் செல்லும் சத்து இலைக்குக் குறையுமென்பதால், நிறையப் பூத்த தேயிலையைத் தோட்டக்காரர் விரும்புவதில்லை. கேமரன் மலைக்கு ரோஜாவும் செவ்வந்தியும் காண வருவோர், வழியெல்லாம் கேமலியாச் செடிகளைக் கடந்தே வருகின்றனர்; அறிந்து வருவோர் சிலரே.

நம் மலையில் பனி பெய்யும் குளிர்காலம் இல்லை. எனினும் ஆண்டிறுதியில் மூடுபனி இறங்கும் விடுமுறை நாட்களில், பெற்றோருடன் சென்று, கத்தரி எட்டாத நிரை ஓரங்களிலும் ஓடைக் கரையிலும் உயர்ந்து வளர்ந்த செடிகளைத் தேடிப் பாருங்கள். பூ இல்லையேல் காய் இருக்கலாம். பச்சை நிறமான காய் முற்றிப் பழுப்பாகி வெடிக்கும். உள்ளே உருண்டை விதைகள் இருக்கும். எந்த ஓரத்தில் பூக்கும் என்பது தெரியாவிடில், அக்காலத்தில் கையால் கொழுந்தெடுத்த பாட்டிமாரைக் கேளுங்கள்.