கற்பதற்குத் துணை வேண்டும்

விசயதசமி நாளன்று கொங்கு நாட்டுத் திருக்கோயில் மண்டபங்களில் ஓர் இனிய காட்சியைக் காணலாம். தட்டில் பரப்பிய பச்சரிசி. பாட்டனாரின் மடியிலோ தந்தையின் மடியிலோ குழந்தை. பெரியவரின் கை குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி முதலெழுத்தை எழுதுவிக்கிறது. சில குழந்தைகள் அழும். சில குழந்தைகள் அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். எழுதிய எழுத்து அடுத்த கணமே கலைந்துவிடும். அன்றைக்கே குழந்தை எழுத்தறிந்துவிட்டது என்று எவரும் கருதுவதில்லை. தன்மீது அன்புடைய ஒருவரின் கை வழியாகவே எழுத்து தன்னிடம் வருகிறது என்பதை மட்டும் அக்குழந்தையின் விரல் அறிந்துகொள்கிறது.

அக்கை எப்போது விடுபடுகிறது என்பதே பின்னாளில் கேட்கவேண்டிய கேள்வி. பள்ளியின் கட்டடம், கட்டணம், தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றை நன்கு விசாரித்து அறியும் பெற்றோர் பலர். தம் பிள்ளையின் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர் யார், பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழன் யார், நண்பகல் உணவை யாருடன் பகிர்ந்து உண்கிறான் என்று வினவுவோர் மிகச் சிலரே. நம் முன்னோர் இவற்றையெல்லாம் கல்விக்குப் புறம்பானவையாக எண்ணவில்லை. அதற்குச் சான்றுகள் கொங்கு மண்ணிலேயே உள்ளன.

தேவாரப் பாடல் பெற்ற கொங்குத் தலங்கள் ஏழனுள் ஒன்று திருப்புக்கொளியூர் எனப்படும் அவிநாசி. சேரமான் பெருமாளைக் காண மலைநாடு நோக்கிச் செல்லும் வழியில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் இவ்வூரின் வீதி வழியே வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை ஒலி. காரணம் கேட்கிறார். முன்னொரு காலத்தில் ஐந்து வயதுச் சிறுவர் இருவர் ஒன்றாகச் சென்று மடுவில் நீராடினர். ஒருவனை முதலை விழுங்கிற்று. மற்றவன் உயிர் பிழைத்தான். பிழைத்தவனுக்கு இன்று முந்நூல் அணியும் சடங்கு நடைபெறுகிறது. இழந்த வீட்டார், தம் மகன் இருந்திருந்தால் அவனுக்கும் இதே நாளில் இச்சடங்கு நடந்திருக்குமே என்று அழுகின்றனர். எனினும், சுந்தரர் வந்திருப்பதை அறிந்ததும் பெற்றோர் தம் துயரை மறைத்து முகமலர்ச்சியோடு வந்து வணங்கினர். அவர்தம் அன்பு கண்டு உருகிய சுவாமிகள் மடுவின் கரையை அடைந்து பதிகம் பாடியருள, முதலை அச்சிறுவனைக் கரையிலே உமிழ்ந்தது. சென்ற ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியுடன் அவன் திரும்பி வந்தான் என்பது பெரியபுராணம் தரும் செய்தி.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அற்புதத்தோடு நிறுத்திவிடுவர். சேக்கிழார் பெருமான் அங்கு நிறுத்தவில்லை. மீண்டு வந்த சிறுவனுக்கும் முந்நூல் மங்கலத்தைச் செய்து முடித்த பின்னரே சுந்தரர் தம் வழியைத் தொடர்ந்தார் என்கிறார். முந்நூல் அணிவது அக்காலத்தில் ஆசானிடம் கல்வி தொடங்குவதற்கான வாயில். ஆகவே, அப்பெற்றோர் அழுதது மகனின் உயிருக்காக மட்டுமன்று. தன் வயதுத் தோழனோடு சேர்ந்து ஏறவேண்டிய படியில் அவன் ஏறாமற்போனதற்காகவும்தான். பிள்ளையை உயிரோடு மீட்டுத் தந்த அருளாளர், அவனைத் தோழனுக்கு இணையாகக் கல்வியின் வாயிலிலும் நிறுத்திவிட்டே சென்றார்.

அவிநாசியிலிருந்து கிழக்கே சென்றால் பெருந்துறை. அதனை அடுத்துள்ளது சீனாபுரம். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவரின் ஊராகச் சிறப்புப் பாயிரம் குறிக்கும் சனகாபுரம் இதுவே என்பது கொங்கு நாட்டு அறிஞர்தம் கொள்கை. சமண முனிவராகிய பவணந்தியார், சீயகங்கன் என்னும் மன்னன் வேண்டியதற்கிணங்க நன்னூலை இயற்றினார். எழுத்தும் சொல்லும் பேசும் அந்த இலக்கண நூல், இலக்கணத்தைத் தொடங்குவதற்கு முன்பே ஆசிரியர் எத்தகையவர், மாணவர் எத்தகையவர், இருவரும் எவ்வாறு பழகவேண்டும் என்பவற்றை விரிவாகப் பேசுகிறது. நூலைத் திறப்பவர் முதலில் நுழையவேண்டிய முகமண்டபம் அது.

நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் நன்னூல் உவமையாக்குகிறது. ஆசிரியராகத் தகாதவருக்கு அது கூறும் உவமைகள் இன்னும் சுவையானவை. அவற்றுள் ஒன்று மடல் நிறைந்த பனை. கருக்கு நிறைந்த மட்டைகள் சூழ்ந்திருப்பதால் யாரும் அதனை நெருங்க முடியாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. அறிவு இருந்தும் அண்டவிடாத ஆசிரியர் அத்தகையவர். பனையோடு பழகிய கொங்கு உழவர்க்கு இதனை விளக்கவேண்டிய தேவையே இல்லை. மற்றொன்று முடத்தெங்கு. ஒருவர் நீரூற்றி வளர்க்க, வளைந்து சென்று அடுத்தவர் தோட்டத்தில் காய் உதிர்க்கும் தென்னை அது. தம்மை நம்பி வந்து வழிபட்ட மாணவனை விட்டுப் பிறருக்கே பயன்படும் ஆசிரியரை அது குறிக்கும்.

பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில், விரைதல் கூடாது, சினத்தல் கூடாது, விருப்பத்தோடும் முகமலர்ச்சியோடும் சொல்லவேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. கேட்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளும்படி சொல்லவேண்டும் என்றும் உரைக்கிறது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நூல் ஆசிரியரின் முகத்தையும் இலக்கணத்தில் சேர்த்திருப்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது. மாணவன் ஆசிரியரிடம் பழகும் முறைக்கு அது தரும் உவமை குளிர்காய்வோன். நெருப்பை விட்டு விலகினால் குளிரும். மிக நெருங்கினால் சுடும். இந்த இடைவெளி அச்சத்தால் மட்டும் ஆனதன்று. அன்பும் மதிப்பும் சேர்ந்து வகுத்த எல்லை.

இவற்றினும் அரியது, கல்வி எவ்வாறு நிறைவுறுகிறது என்பதற்கு நன்னூல் போடும் கணக்கு. ஆசிரியர் சொன்னதைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது காற்பங்குப் புலமையே. உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். தான் அறிந்ததைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கு நிறையும். ஆசிரியர், தோழர், தன்னிடம் கேட்பவர் என மூவகை மனிதரும் இக்கணக்கில் வந்துவிடுகின்றனர். தனியறையில் கதவடைத்துப் படிக்கும் பிள்ளையைக் கண்டு மகிழும் வீடுகள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. தம்பிக்கோ தங்கைக்கோ பாடம் சொல்லிக் கொடுப்பதால் மூத்த பிள்ளையின் நேரம் வீணாகிறது என்று வருந்தும் தாய்மாரும் உண்டு. நன்னூலின் கணக்குப்படி அப்பிள்ளை அந்நேரத்தில்தான் அரைப்பங்கைச் சம்பாதிக்கிறது.

இம்முறை ஏட்டோடு நின்றுவிடவில்லை. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். முன்னரே பாடம் கற்ற மூத்த மாணவனாகிய அவன் இளையவர்க்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் கொண்டுவர முனைந்தபோது அங்கிருந்த ஆசிரியர்கள் இசையவில்லை. ஆகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார், முயற்சி வென்றது. 1797ஆம் ஆண்டு இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியே இம்முறை ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயருடன் பிரிட்டனில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவரது கொடையால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது. ஆனால் அந்நாட்டில் இம்முறை, ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் நடத்தும் வழியாக மாறிப்போயிற்று. திண்ணையில் அண்ணனாக இருந்தவன் அங்கே கண்காணியாகிவிட்டான். முறையைக் கப்பலேற்ற முடிந்தது. உறவை ஏற்ற முடியவில்லை.

பழமையில் உள்ள யாவும் அப்படியே கொள்ளத்தக்கவை என்பதற்கில்லை. பாடம் சொல்லத் தகாதவர் என்று நன்னூல் தரும் பட்டியலில் சோம்பல் உடையோரும் சினத்தோரும் மட்டுமின்றி, நோயாளியும் மந்த அறிவினனும் இடம்பெறுகின்றனர். ஆசிரியர் தம் மாணவரைத் தாமே தேர்ந்துகொண்ட காலத்தின் வழக்கு அது. இன்று 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி உரிமையாகும். அவ்வுரிமையை வழங்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்துள்ளது. சினத்தல் கூடாது என்ற பவணந்தியாரின் விதி சட்டமாயிற்று. விலக்குதல் பற்றிய அவர் விதி விலகிற்று. இரண்டும் நன்றே. பாடம் ஏறாத பிள்ளைக்குத்தான் ஆசிரியரின் துணை மிகுதியாக வேண்டும். முதலை வாய்ப்பட்ட பிள்ளை போனது போனதுதான் என்று சுந்தரர் கடந்து சென்றுவிடவில்லையே!

அண்மைக் காலத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாழும் கல்விக்குக் கொங்கு நாட்டில் இடமளித்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1930ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம், கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றியது. 1934இல் காந்தியடிகள் அதற்கு அடிக்கல் நாட்டினார். சாதி வேற்றுமையின்றிப் பிள்ளைகள் ஒன்றாக உண்டு, ஒன்றாக வழிபட்டு, ஒன்றாகத் தோட்ட வேலை செய்யும் குருகுலமாக அது வளர்ந்தது. அக்கால ஊர்களில் ஒரே பந்தியில் அமர இயலாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து உண்டனர். பாடநூல் எதுவும் கற்பிக்க இயலாத பாடம் அது.

அப்பள்ளியில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர் பெரியசாமித் தூரன். முருகப் பெருமான்மீது அவர் இயற்றிய கீர்த்தனைகளைக் கேட்டு உருகாத அன்பர் அரியர். ஈரோட்டுக்கு அண்மையில் மொடக்குறிச்சிப் பகுதியில் 1908இல் பிறந்த இக்கவிஞர், குழந்தைகளின் மனம் எவ்வாறு மலர்கிறது என்பதைத் தமிழில் எளிய நூல்களாக எழுதியவர் என்பதைப் பலர் அறியார். பிள்ளைகளோடு நாள்தோறும் பழகிய ஆசிரியர்க்கே அத்தகைய நூல்கள் கைவரும். பின்னர், அவினாசிலிங்கம் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கினார். 1954 முதல் 1968 வரை வெளிவந்த அத்தொகுதிகள் முடிந்த பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. குழந்தைகளுக்கென்றே மற்றொரு கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக உருவாக்கினார். பெரியவர்க்கு எழுதியதைச் சிறியவர்க்கும் எடுத்துரைக்காமல் அந்த ஆசிரியர் மனம் அமையவில்லை போலும்.

உறவு அறுந்தால் கல்வி என்னாகும் என்பதை 2020ஆம் ஆண்டு அனைவர்க்கும் காட்டியது. பெருந்தொற்றினால் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகளில், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. கைப்பேசி வழியாகப் பாடம் வந்தது. ஆனால் பெயர் சொல்லி அழைக்கும் குரல் பல வீடுகளுக்கு வரவில்லை. எழுதப் பழகியிருந்த சிறார் எழுத்தை மறந்தனர். வேலைக்குச் சென்ற பிள்ளைகளும் உண்டு. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் சிறு குழுக்களாகப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். அவர்களுள் பெண்களே மிகுதி. ‘அக்கா’ என்று பிள்ளைகள் அழைத்த அம்மங்கையர், பழைய திண்ணையைச் சிறிது காலத்திற்கேனும் மீண்டும் திறந்துவைத்தனர்.

பின்னலாடைத் தொழிலை நாடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூர் வந்துள்ள குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அப்பகுதிப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து அமர்கின்றனர். வீட்டில் ஒரு மொழி, கரும்பலகையில் மற்றொரு மொழி. ஆசிரியர் சொல்வது விளங்காத முதல் நாட்களில் அப்பிள்ளைக்குத் தமிழ் விளையாட்டுத் திடலில்தான் கிடைக்கிறது. ‘வா’, ‘போ’, ‘எனக்குக் கொடு’ என்று தொடங்கி, பக்கத்தில் அமர்ந்த தோழன் தந்த சொற்களைக் கொண்டே அது வகுப்பறைக்குள் வருகிறது. பவணந்தியார் உடன் பயில்வோர்க்கென்று ஒதுக்கிய காற்பங்கு, இங்கே ஆசிரியரின் காற்பங்குக்கும் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுகிறது.