நகராண்மைக் கழகத்திடம் நஷ்ட ஈடு கேட்பது எப்படி?



சாலைக் குழியில் இறங்கி வேனின் சக்கரம் கோணினால், அல்லது நிறுத்தி வைத்த வேன் மீது மரக்கிளை முறிந்து விழுந்தால், நம்மவர்கள் "தலைவிதி" என்று சொல்லிப் பட்டறையில் பணத்தைக் கொட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நஷ்ட ஈடு கேட்பது யாசகம் அன்று. ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும்.

நாம் தெரியாமல் கேட்டுத் தோற்றதை முதலில் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் மொத்தச் சந்தையிலிருந்து வெங்காயம் ஏற்றி வருகையில், மழைநீர் நிறைந்த குழியில் வேன் இறங்கி முன்சக்கரத்து ரிம் வளைந்தது. சரக்குக்கு ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று அன்றே பழுது பார்த்தோம். படம் எடுக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. பத்து நாள் கழித்து மனு எழுதினோம். இரண்டு மாதம் சென்று பதில் வந்தது, அது தங்கள் சாலையே அன்று என்று! அதற்குள் குழியையும் யாரோ தார் போட்டு மூடிவிட்டார்கள். 860 வெள்ளி போயிற்று.

ஆகையால் சாலை யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். மலேசியாவில் எண் மாத்திரம் போட்டவை கூட்டரசுச் சாலைகள். சிலாங்கூருக்கு 'பி', பேராக்குக்கு 'ஏ' என்று மாநில எழுத்தோடு எண் போட்டவை மாநிலச் சாலைகள். இவ்விரண்டும் ஊர் நடுவே சென்றாலும் பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு. 'இ' எழுத்துப் போட்டவை நெடுஞ்சாலை நிறுவனங்களைச் சேர்ந்தவை. கடைத்தெருக்களும் குடியிருப்புத் தெருக்களும் பெரும்பாலும் கழகத்துடையவை.

நிற்க. சாலையோ மரமோ கழகத்துடையது என்பதால் மாத்திரம் பணம் வந்துவிடாது. கழகத்தின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். ஆபத்து அதற்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும், இருந்தும் வாளாவிருந்தது என்று காட்ட வேண்டும். 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெருமரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமாயின. இத்தகைய வேளைகளில் "காற்று, தெய்வச் செயல்" என்ற பதில் வருவதுண்டு. (காற்று ஆண்டவன் செயல்தான். உளுத்த கிளையை வெட்டாமல் விட்டது யார் செயல்?) அதற்குத்தான் முன்கூட்டிய புகார் வேண்டும். சென்ற வருஷம் நம் கடைப் பின்சந்தில் கிளை விழுந்து வேனின் கூரை நசுங்கியபோது நம்மைக் காப்பாற்றியது, பக்கத்து டீக்கடை நானா ஐந்து மாதம் முன்பே அக்கிளையைப் பற்றிப் புகார் செய்து வாங்கி வைத்திருந்த எண்தான். ஏழு மாதம் அலைந்தோம். கேட்டதில் முக்கால் பங்கு கிடைத்தது.

வண்டியை நகர்த்துமுன் படம் எடுங்கள். குழியின் ஆழம் தெரிய அருகில் ஒரு செருப்பையாவது வைத்து எடுங்கள். கடைப்பலகையோ கம்ப எண்ணோ படத்தில் விழட்டும். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும் என்பது 1987ஆம் வருஷச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். பட்டறை மதிப்பீட்டையும் ரசீதையும் சேர்த்து, மனுவை மலாயில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இன்சூரன்ஸில் ஏற்கெனவே வாங்கிவிட்ட தொகையைக் கழகத்திடமும் கேட்க முடியாது. இன்சூரன்ஸில் கேட்டால் என்.சி.டி. கழிவு போய்விடும், சொந்தக் காருக்கு அது 55 விழுக்காடு வரை உண்டு. சிறு சேதத்துக்கு எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கழகம் மறுத்தால் வழக்கு உண்டு. 1948ஆம் வருஷப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி கெடு 36 மாதம். கடிதம் போய் வந்துகொண்டிருந்தாலும் அது நிற்காது. 2012ஆம் வருஷ நீதிமன்ற விதிகள் 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்குகளை வழக்கறிஞர் இன்றித் தொடுக்க வழி செய்தன. ஆனால் தனி மனிதர்தான் அவ்வாறு தொடுக்கலாம். நம்மில் பலருடைய வேன் கம்பெனி பெயரில் இருக்கிறது. அவர்கள் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.