ரூபிகான் பாதையில் ஒரு வாரக்கடைசி: மெதுவாகப் போகிறவருக்கான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், லூன் ஏரியிலிருந்து டாஹோ ஏரிப்பக்கம் போகிறது, நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான ரூபிகான் பாதை. நீளம் சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் பெரும்பகுதி கருங்கல் பாறை என்பதால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேண்டும். ஜீப் ரேங்ளரின் ஒரு வகைக்கே இந்தப் பாதையின் பெயரை வைத்தார்கள். இங்கே நிதானமாகப் போகிறவர்தான் வண்டியையும் பாதையையும் காப்பாற்றுவார்.

1. திட்டமிடுங்கள்
பனி உருகிய பிறகு, ஜூலை பின்பாதி முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். தனி வண்டியாகப் போகவே கூடாது. செல்பேசியை நம்பாமல், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியைக் கொண்டுபோங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவையுங்கள். அடுப்பு மூட்டுவதற்கான அனுமதிச் சீட்டு இலவசம். கோடையில் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

2. வண்டியைத் தயார் செய்யுங்கள்
33 அங்குலத்துக்குக் குறையாத டயர், அடிப்பாகத்துக்கு ஸ்கிட் பிளேட், கதவுக்குக் கீழே ராக் ஸ்லைடர், சிக்கிய வண்டியை இழுக்க ஒரு வின்ச் ஆகியவை அவசியம். பின் அச்சிலாவது டிஃபரன்ஷியல் லாக்கர் இருக்கட்டும். பாறைமேல் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது வெறுமனே சுழலும், தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவை போகாது. லாக்கர் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும்.

3. சாமான்களைக் கட்டுங்கள்
கனமானவை கீழே, இறுகக் கட்டியபடி. கூரைமேல் பாரம் ஏற்றினால் சாய்வில் வண்டி கவிழும். ஆயில், பிரேக் திரவம், யு-ஜாயின்ட், எண்ணெயை உறிஞ்சும் விரிப்பு, மனிதக் கழிவை அடைத்து எடுத்துவரும் பை ஆகியவற்றை மறக்க வேண்டாம்.

4. காற்றை இறக்குங்கள்
பாறை தொடங்குமுன் டயர் அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள். டயர் பரந்து கல்லைப் பற்றும், குலுக்கலும் குறையும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் இல்லாத சக்கரத்தில் மிகவும் குறைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

5. ஓட்டுங்கள்
லோ ரேஞ்ச், முதல் கியர். பெரிய கல்லை இரு சக்கரங்களுக்கும் நடுவில் விடாதீர்கள், டிஃபரன்ஷியலில் இடிக்கும். சக்கரத்தை அந்தக் கல்லின் மேலேயே ஏற்றுங்கள். தொடக்கத்திலேயே கேட்கீப்பர் என்ற பாறைத்தொகுதி வரும். அதிலேயே திணறும் வண்டி திரும்பிவிடுவது நல்லது. சிக்கலான இடத்தில் ஒருவர் இறங்கி, முன்னே நின்று கைச்சைகை காட்டட்டும். அவர் ஒருவர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

6. சிக்கினால்
ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், அச்சு முறியும். வின்ச் போடும்போது கையுறை அணிந்து, கம்பிமேல் கனமான போர்வையைப் போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இழுவைப் பந்தில் ஸ்ட்ராப்பை மாட்டாதீர்கள். பந்து பிய்த்துக்கொண்டு பறந்தால் உயிரைக் குடிக்கும்.

7. முகாமிடுங்கள்
பக் ஐலண்ட் ஏரிப்பக்கம் தங்கலாம். ரூபிகான் ஸ்பிரிங்ஸ் தனியார் நிலம், அங்கே தங்க முன்னதாகவே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கோடையிலும் இரவு குளிரும். கரடிகள் உள்ள காடு இது. உணவு, பற்பசை, குப்பை மூன்றையும் கரடி திறக்க முடியாத பெட்டியில் பூட்டுங்கள், கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

8. ஞாயிறு
கெடிலாக் ஹில் செங்குத்தான, குறுகலான ஏற்றம். எதிரே வண்டி வருகிறதா என்று ஒருவர் நடந்துபோய்ப் பார்த்த பிறகு ஏறுங்கள். தார்ச்சாலை வந்ததும் டயருக்குக் காற்று நிரப்பி, போல்ட்டுகளையும் பிரேக்கையும் சோதியுங்கள்.

மண் அரிப்பு, எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி, 2009-ல் மாநிலத்தின் வட்டார நீர்த்தர வாரியம் இந்தப் பாதையைச் சீர்செய்ய ஆணையிட்டது. ஓடைக்குள் ஒரு சொட்டு ஆயிலும் விழாமல் பார்த்துக்கொண்டு, கழிவையெல்லாம் திருப்பி எடுத்துவருவது ஒவ்வொருவருடைய கடமை. அடுத்து வருகிறவர்களுக்கும் இந்தப் பாதை திறந்திருக்க அதுதான் வழி.